அருந்தாவலும் அரை மதிப்பெண்ணும்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள், ஞாயிறு இரவு. பொழுது விடிந்தால் சுதந்திர தினம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர், மறுநாட் காலைக் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை எழுப்பியாக வேண்டுமே என்ற கவலையையும் மறந்து, நள்ளிரவை நெருங்கும் வேளையில் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்திருந்ததை நினைவுகூர்வர். பூமியின் மறுபுறத்தில், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில், திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் என்னும் இருபத்து மூன்று வயது நங்கை, இருபத்தைந்து மீட்டர் ஓடுபாதையின் கோடியில் நின்றுகொண்டிருந்தார். ஒலிம்பிக் பந்தயத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வித்தைக்கென நம் நாட்டிலிருந்து சென்ற முதற் பெண்மணி அவர். ஆடவரையும் சேர்த்துப் பார்த்தாலோ, 1964ஆம் ஆண்டு டோக்கியோவுக்குப் பின் ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக அவ்வரங்கில் இந்தியர் எவரும் கால் வைத்ததில்லை.

ஓடினார். பலகையை உதைத்தார். மேசையிற் கை ஊன்றினார். வானில் இருமுறை சுருண்டார். தரையில் வந்து நின்றார். நின்றார் என்றேனே, அதைச் சற்று விளக்க வேண்டும்: முழங்கால் முற்றும் மடிந்து, இருக்கை விரிப்பை உரசுமளவுக்குத் தாழ்ந்து, அதன் பின்னரே எழுந்து நின்றார். ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்தபோது அவருக்கு நான்காம் இடம். வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து நாட்டு ஜூலியா ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216, தீபா பெற்றது 15.066. இடைவெளி 0.150.

மறுநாளே நாடெங்கும் ஒரு பேச்சு எழுந்தது. "மரணத் தாவல்" என்று செய்தித்தாள்கள் பெயர் சூட்டிய அந்த அபாயத்தை விட்டுவிட்டு, எளியதொரு தாவலைப் பிசகின்றி அழகுறச் செய்திருந்தால் பதக்கம் கைகூடியிருக்குமன்றோ என்பதே அப்பேச்சு. அண்மையில் நம் சங்கக் கூடத்தில் ஓர் அம்மையார் என்னிடம் கேட்டதும், திசை மாறிய அதே கேள்விதான். அவருடைய பன்னிரண்டு வயது மகள் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்கிறாள். "அண்ணா, இவளோடு சேர்ந்த பெண்கள் எல்லாரும் அடுத்த வித்தைக்குப் போய்விட்டார்கள். இவளை மட்டும் இரண்டு வருஷமாய் ஒரே தாவலையே செய்யச் சொல்லுகிறார் அந்தப் பயிற்சியாளர். நாம் வெளியூர்க்காரர்கள் என்பதாலா?" என்றார். கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. பிற மாநிலத்தில் பிள்ளை வளர்ப்பவர் யாவருக்கும் இந்த ஐயம் என்றேனும் ஒருநாள் எழுந்திருக்கும். ஆதலின் அதை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அரியதைச் செய்வதா, அறிந்ததைப் பிறழாமற் செய்வதா? இதற்கு விடை சொல்ல, முதலில் மதிப்பெண் எவ்வாறு போடப்படுகிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

முன்னாளில் ஜிம்னாஸ்டிக்ஸில் பத்துக்குப் பத்தே உச்சம். 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி நாடியா கொமனேச்சி அதைப் பெற்றபோது, பத்து என்று காட்ட இடமில்லாத அறிவிப்புப் பலகை 1.00 என்று காட்டிய கதை பலரும் அறிந்ததே. அம்முறை 2006இல் கைவிடப்பட்டது. அதன்பின் நடுவர்கள் இரு சாராராகப் பிரிந்தனர். ஒரு சாரார் செய்த வித்தை எத்துணைக் கடினமானது என்பதற்கு மதிப்பிடுவர். இதைக் கடின மதிப்பு என்போம். மறு சாரார் அதைச் செய்த நேர்த்தியை மட்டும் நோக்கிப் பத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவர்; இது செய்நேர்த்தி. இரண்டும் கூட்டிய தொகையே மதிப்பெண். அமெரிக்க நாட்டில் ஆளை ஆள் உயரத் தூக்கியும் வீசிப் பிடித்தும் குழுவாக ஆடும் சியர்லீடிங் போட்டிகளிலும் அரிய வித்தைக்கு ஒரு கணக்கு, செய்த முறைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே பார்க்கும் வழக்கம் உண்டு. அங்கே மேலே நிற்பவர் தடுமாறினால் கீழே தாங்கி நிற்பவருக்கும் சேர்த்தே அடி விழும் என்பதுதான் வேறுபாடு.

தாவலில் இக்கணக்கு மிகவும் கறாரானது. உத்தரத்தின்மேல் ஆடுகிறவர் வழுக்கி விழுந்தால் மீண்டும் ஏறி ஆட்டத்தைத் தொடரலாம். எஞ்சிய வித்தைகளால் ஓரளவு ஈடுகட்டலாம். தாவலோ ஓட்டமுட்படச் சில விநாடிகளில் முடிந்துவிடும் ஒரே செயல். ஒவ்வொரு தாவலுக்கும் விதிநூலில் விலை அச்சாகியிருக்கிறது. கடைப்பலகையில் எழுதிய விலைபோல அதில் பேரத்துக்கு இடமில்லை. கழிவுகளும் அப்படியே. தரையில் இறங்கியபின் சிறிது கால் பெயர்ந்தால் 0.1. பெரிய அடி வைத்தால் 0.3. ஆழக் குந்தினால் 0.5. விழுந்தால் முழுதாக ஒன்று. பாதம் முதலில் தரையைத் தொடாவிட்டால் தாவலே செல்லாது, பூஜ்யம்.

நம்மவர்க்கு இது புதிதன்று. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளலாம். மிருதங்க வித்துவான் எத்துணைச் சிக்கலான கோர்வையை எடுத்தாலும் அது சமத்தில் வந்து விழவேண்டும். ஒரு மாத்திரை தள்ளி விழுந்தால், கோர்வையின் அருமையை எடுத்துச் சொல்லிப் பயனில்லை. முன்வரிசையில் தாளம் போடுகிறவர் கையே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சமம் தவறிய வித்துவான் கழுத்தெலும்பை முறித்துக்கொள்வதில்லை. அந்த ஒரு வேற்றுமைதான் இந்த விஷயத்தையே வேறாக்கிவிடுகிறது.

தீபா எடுத்துக்கொண்ட கோர்வைக்குப் புரோதுனோவா என்று பெயர். ருஷ்ய நாட்டு யெலேனா புரோதுனோவா 1999இல் முதன்முதலாகச் செய்து காட்டியமையால் வந்த பெயர் இது. ஆடவர் வெகுநாளாகச் செய்துவரும் தாவல்தான். பெண்களில் இதைச் செய்து நின்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஓடிவந்து, 125 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையில் தலைகீழாகக் கையூன்றி, அங்கிருந்து எவ்விக் கால் தரையைத் தொடுமுன் உடல் இரண்டரைச் சுற்றுச் சுற்றியாக வேண்டும். எல்லாம் முன்னோக்கிய குட்டிக்கரணம். பின்னோக்கிச் சுற்றுகிறவர் கண்ணுக்குத் தரை முன்கூட்டியே தென்படும். முன்னோக்கிச் சுற்றுகிறவர்க்கோ தரை தெரிவதும் கால் படுவதும் ஏறக்குறைய ஒரே கணம். சுற்று சற்றுக் குறைந்தால் தலையோ கழுத்தோ தரையிற் படும். மிகுந்தால் முன்னோக்கி உருள நேரும். அதே ரியோ இறுதிப் போட்டியில் நாற்பத்தொரு வயதான உஸ்பெகிஸ்தான் வீராங்கனை ஒக்சானா சூசோவித்தினாவும் இதையே முயன்றார். இறங்கிய வேகத்தில் முன்னோக்கி உருண்டார். அவருக்கு 14.833, ஏழாம் இடம்.

இனித் தீபாவின் கணக்கைப் பார்ப்போம். இறுதிப் போட்டியில் இருவேறு தாவல்கள் செய்து, அவற்றின் சராசரியை எடுப்பர். அவருடைய முதல் தாவலின் கடின மதிப்பு 6.0, செய்நேர்த்தி 8.866, ஆகத் தொகை 14.866. இரண்டாவதான புரோதுனோவாவின் கடின மதிப்பு 7.0, செய்நேர்த்தி 8.266; ஆகத் தொகை 15.266. அந்நாள் விதிநூலின்படி அத்தாவல் அவருக்கு, முதல் தாவலைக் காட்டிலும் ஒரு முழு மதிப்பெண்ணை முன்பணமாகக் கொடுத்தது, செய்நேர்த்தியில் 0.6 மதிப்பெண்ணைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. கையில் நின்ற ஆதாயம் 0.4.

"எளியதைச் செய்திருக்கலாமே" என்பார்க்கு விடை இங்கேயே இருக்கிறது. புரோதுனோவாவுக்குப் பதிலாக 6.0 மதிப்புள்ள வேறொரு தாவலை, முதல் தாவலைப்போன்றே நன்கு செய்திருந்தார் என்று கொள்வோம். சராசரி 14.866 ஆகியிருக்கும். அன்று ஐந்தாம் இடத்துக்கு 14.999; ஆறாம் இடத்துக்கு 14.900. ஆகவே தீபா ஆறாவதாக நின்றிருப்பார். எளிய தாவல் அவரை வெண்கலத்துக்கு அருகே கொண்டு சென்றிராது. இரண்டு படி கீழேதான் இறக்கியிருக்கும்.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆழக் குந்தி இறங்கியதற்கு விதிநூல் குறிக்கும் கழிவு அரை மதிப்பெண் என்றோம். அந்த அரையைக் காப்பாற்றியிருந்தால் இரண்டாம் தாவல் 15.766 ஆகியிருக்கும், சராசரி 15.316. வெள்ளி வென்ற ருஷ்ய நாட்டு மரியா பாசெக்காவின் மதிப்பெண் 15.253! கடினத்தைக் குறைத்திருந்தால் ஆறாம் இடம். அதே கடினத்தைச் சற்று நிமிர்ந்த முழங்காலோடு இறக்கியிருந்தால் இரண்டாம் இடம். தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து "அபாயம், அபாயம்" என்று தலையில் கைவைத்த நம் போன்றோர்க்கு இந்தக் கணக்கு அப்போது தெரியவில்லை. அகர்த்தலாவில் அவருக்குப் பயிற்சியளித்த பிஸ்வேஸ்வர் நந்திக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் புறப்பட்ட இடத்தைச் சிறிது சொல்லவேண்டும். தீபாவின் தந்தை எடைதூக்கும் பயிற்சியாளர். ஆறு வயதில் பயிற்சிக்கு வந்த அச்சிறுமிக்குப் பாதங்கள் தட்டையானவை. வளைவற்ற பாதம் உந்தி எழும்பவும் இறங்கி நிற்கவும் ஏற்றதன்று. அவற்றுக்கு வளைவு வருவிக்கவே நீண்ட காலம் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. ஊரிலே முறையான உந்துபலகை இல்லை. பழைய ஸ்கூட்டரின் உதிரிப் பாகங்களைக்கொண்டு ஒன்றைத் தாமே செய்து சமாளித்தார்கள்.

இங்கேதான் கடினத்துக்கும் நேர்த்திக்கும் உள்ள உண்மையான வேற்றுமை புலப்படும் என்பது என் கருத்து. அதே போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸின் இரு தாவல்களுக்கும் கடின மதிப்பு 6.3, 6.4 மட்டுமே. செய்நேர்த்தியோ இரண்டிலும் 9.6 மதிப்பெண்ணுக்குக் குறையவில்லை. கால்விரல் நுனிவரை நீண்டு நிற்கும் அந்த நேர்த்தியை ஓராண்டிலோ ஈராண்டிலோ வருவித்துவிட முடியாது. நல்ல மேசை, நல்ல விரிப்பு, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிய திருத்தம், ஆண்டுதோறும் பெரிய போட்டிகள் ஆகிய இவை யாவும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் திரண்ட சேமிப்பு அது. அச்சேமிப்பு இல்லாத ஊரிலிருந்து வந்தவர் என் செய்வார்? கடினத்தைக் கடனாக வாங்கினார். ஈடாக வைத்தது உடலை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கடனன்று அது. விழுந்தால் முழு ஒன்று போகும் என்றோம். அப்படியானால் புரோதுனோவா 15.266 மதிப்பெண்ணிலிருந்து 14.266 ஆகும். எளிய தாவலின் 14.866 மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால், நின்றால் 0.4 ஆதாயம், விழுந்தால் 0.6 நஷ்டம். பத்துத் தடவையில் ஆறு தடவை நின்றால் ஆதாயமும் நஷ்டமும் சமம். ஏழு, எட்டு என்று ஏறினால்தான் கடினமானதை எடுத்ததற்குப் பயனுண்டு. ஐந்து என்றால் எளியதே மேல். பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. பிறழாமை என்பது கடினத்துக்கு எதிரி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கடினத்தைச் செல்லுபடியாக்கும் முத்திரையே அதுதான்.

அம்முத்திரையைப் பெற அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. தில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில், நுரைப்பஞ்சு நிரப்பிய குழி ஒன்று உண்டு. எப்படி விழுந்தாலும் அடிபடாது. புதிய தாவலை முதலில் அதிற் குதித்துக் குதித்துப் பழகுவார்கள். பிறகு மெத்தென்ற விரிப்பு. அதற்கும் பிறகே போட்டி விரிப்பு. 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபா இத்தாவலைச் செய்து 14.366 பெற்று வெண்கலம் வென்றார். அடுத்த ஆண்டு ஹிரோஷிமாவில் ஆசியப் போட்டி, அங்கும் வெண்கலம். அவ்வாண்டே கிளாஸ்கோவில் உலகப் போட்டி; இறுதிச் சுற்றில் ஐந்தாம் இடம். 2016 ஏப்ரலில் ரியோ நகரிலேயே நடந்த தகுதிப் போட்டி, தாவலில் முதலிடம். உலகம் அந்த ஆகஸ்டு இரவில்தான் புரோதுனோவாவைக் கண்டது. தீபாவுக்கோ அது ஊர் ஊராகச் சுமந்து சென்று பழகிப்போன பொருள்.

பழகிய பொருளும் எத்துணை நொய்யது என்பதற்கு வேறொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஒட்டுமொத்தப் போட்டியின்போது, தாவு சாதனத்தை ஐந்து சென்டிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டார்கள். ஐந்து சென்டிமீட்டர் என்பது மூன்று விரற்கடையளவுகூட இராது. ஒருவர் பின் ஒருவராக உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் தடுமாறினர். ருஷ்ய நாட்டு ஸ்வெத்லானா கோர்கினா விழுந்தே போனார். கடைசியில் அலானா ஸ்லேட்டர் என்ற ஆஸ்திரேலியச் சிறுமி, உயரம் சரியில்லை என்று சொல்லவும், அளந்து பார்த்துத் திருத்தினார்கள். விழுந்தவர்களுக்கு மறுவாய்ப்புத் தருவதாகச் சொன்னாலும், அதற்குள் மனம் உடைந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? ஆயிரம் முறை பழகிய உடல், மேசை எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கேட்பதில்லை. கை தானே போய் ஊன்றும். மேசை இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், பழக்கமே பகையாகிவிடுகிறது.

சிமோன் பைல்ஸுக்கு மேசை இடம் மாறவில்லை, மனமே மாறிற்று. டோக்கியோ ஒலிம்பிக், நோய்த்தொற்றினால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்தபோது, குழுப் போட்டியில் இரண்டரைத் திருகு திருக வேண்டிய தாவலில் ஒன்றரையோடு நிறுத்தித் தரைக்கு வந்தார். அந்தரத்தில் தாம் எங்கே இருக்கிறோம் என்பது தமக்கே புலப்படவில்லை என்ற நிலை. உடனே போட்டியிலிருந்து விலகினார். ஒரு வாரம் கழித்து உத்தரத்தின்மேல் ஆட மட்டும் திரும்பி வந்தார். முடிவில் இறங்கும் கரணத்தில் வழக்கமாகச் செய்யும் திருகலை விட்டுவிட்டு, திருகற்ற இரட்டைக் கரணத்தோடு இறங்கினார். 14.000 பெற்று வெண்கலம் வென்றார். அரியதைச் செய்வதில் அவருக்கு இணையில்லை என்பது உலகறிந்தது. எதை விடவேண்டும் என்றும் அவர் அறிந்திருந்தார். அன்று நான் மிகவும் வியந்தது இதைத்தான்.

2023இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த உலகப் போட்டியில் அவர் செய்த ஒரு காரியம் இதனினும் அழகு. பின்னோக்கிப் பாய்ந்து, காலை நீட்டியபடியே இருமுறை சுற்றும் தாவல் அது. பெண்களில் வேறெவரும் அதுவரை உலகப் போட்டியிற் செய்திராதது. அன்றைய விலை 6.4. அவர் தாவும்போது பயிற்சியாளர் விரிப்பருகே வந்து நின்றார். சுற்றுத் தவறினால் கைகொடுத்துத் தாங்குவதற்காக. அவ்வாறு நிற்பதற்கு விதிநூல் அரை மதிப்பெண் கழிக்கிறது. அது தெரிந்தே நின்றார். 15.766 ஆகவேண்டிய மதிப்பெண் 15.266 ஆயிற்று. உலகிலேயே வலிமை மிக்க ஒரு வீராங்கனை, தம் கழுத்தின் பத்திரத்துக்கு அரை மதிப்பெண்ணை விலையாகக் கொடுத்தார். ரியோவில் தீபா இழந்த அந்த அரையையும் இந்த அரையையும் அருகருகே வைத்துப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சேமிப்பு உள்ளவர் அரையைக் கொடுத்துக் காவல் வாங்கலாம். கடனில் ஆடுகிறவர்க்கு அதற்கு வழியில்லை.

கடன் திரும்பக் கேட்கப்படும் நாளும் வந்தது. 2017இல் தீபாவின் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முக்கிய நார் சேதமுற்று அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய விதிநூல் புரோதுனோவாவின் விலையை 7.0 என்பதிலிருந்து 6.4 ஆகக் குறைத்தது. அத்தாவலை மட்டும் தண்டித்தார்கள் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டனர், அது சரியன்று. மற்ற தாவல்களின் விலையும் குறைந்தது. ரியோவில் 6.3 பெற்ற, பைல்ஸ் முதலியோர் செய்யும் அமானார் தாவல் 5.8 ஆயிற்று. ஆகையால் கடினமானதை எடுப்பார்க்கு இருந்த ஆதாயம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. அதை வாங்கும் முழங்கால்தான் இல்லாமற் போயிற்று.

ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் ஓய்வு. 2018 ஜூலையில் துருக்கி நாட்டு மெர்சின் நகரில் நடந்த உலகச் சவால் கோப்பைப் போட்டிக்குத் திரும்பினார். கடின மதிப்புக் குறைந்த இரு தாவல்கள், சராசரி 14.150, தங்கம். உலகளாவிய ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியொன்றில் இந்தியப் பெண் தங்கம் பெறுவது அதுவே முதல் முறை. அதன்பிறகும் முழங்கால் தொல்லை தந்தது. தடைசெய்யப்பட்ட பொருளொன்று பரிசோதனையில் தென்பட்டமையால் இருபத்தொரு மாதத் தடையும் வந்து 2023 ஜூலையில் முடிந்தது. அந்தக் காலத்தில் அவரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர்.

2024 மே மாதம், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெண்ட் நகரில் ஆசியப் போட்டி. தீபாவுக்கு வயது முப்பது. உடன் ஆடியவர்களிற் பலர் அவர் ரியோவுக்குப் போனபோது தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். மரணத் தாவல் இல்லை. தெரிந்த தாவல்களைத் தெரிந்தபடி செய்தார். மதிப்பெண் 13.566, ரியோவில் நான்காம் இடத்துக்குக் கிடைத்ததைவிட ஒன்றரை குறைவு. ஆயினும் தங்கம். ஆசியப் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. இரண்டாமிடத்தில் வட கொரிய வீராங்கனை, இடைவெளி 0.1, அதாவது இறங்குமிடத்தில் கால் சிறிது பெயர்வதற்கான கழிவு எவ்வளவோ அவ்வளவு. அவ்வாண்டு அக்டோபரில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்த அம்மையாருக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. கூடத்தில் அதற்குள் பாயசம் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாருங்கள் என்றேன்: "என் மகள் இந்தத் தாவலைப் பத்துத் தடவை செய்தால் எத்தனை தடவை நிற்கிறாள்?"

சென்ற ஞாயிறன்று அவரை மறுபடி சந்தித்தேன். கேட்டாராம். பயிற்சியாளர் மறுமொழி பேசாமல் மேசையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாராம். மாணவிகள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம். நாள்தோறும் பத்துக்கு எத்தனை என்று பென்சிலாற் குறித்திருந்ததாம். அடுத்த வித்தைக்குப் போய்விட்ட பெண்களின் பக்கங்களில் எட்டும் ஒன்பதுமாக இருந்தன. இவள் பக்கத்தில் மூன்று என்று தொடங்கி, நான்கு, மறுபடி மூன்று, ஐந்து என்று ஏறி இறங்கி, கடைசி வாரத்தில் ஆறு. எட்டு என்று தொடர்ந்து இரண்டு வாரம் வந்தால் அடுத்த தாவல் என்றாராம் அவர், அரைகுறை இந்தியில், இவருக்குப் புரியும்படி மெதுவாக. அவரும் கேரளத்திலிருந்து வந்த வெளியூர்க்காரர்தானாம்.